கோடு கீறும் பேனைக்கும் காரணம் சொல்லும் கடமை உண்டு

கடந்த வருடம் தமிழ்மொழித் தினப் போட்டிக்கென நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு நாடகம் எழுதினோம். சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்த ஒரு பிள்ளையின் படிப்பை வீட்டார் நிறுத்திவிடுகிறார்கள். அதன் பிறகு அவள் என்ன செய்கிறாள் என்பதுதான் கதை. எழுத்துருவைப் பொறுப்பாசிரியையிடம் ஒப்படைத்தோம். இரண்டு நாள் கழித்து அது எம் கைக்குத் திரும்பியபோது மூன்று இடங்களில் சிவப்புப் பேனையால் கோடு கீறப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு சொல்லும் இல்லை.

முதலிரண்டு கோடுகளும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. மூன்றாவது கோடுதான் சுட்டது. "என்ட படிப்பைப் பத்தி எல்லாரும் பேசினீங்க. என்னட்ட மட்டும் ஒருத்தரும் கேக்கல்லையே வாப்பா" என்று மகள் சொல்லும் இடம் அது. அந்த வரியை எழுதியவள் நான்.

"ஏன் டீச்சர் இதை வெட்டினீங்க?" என்று கேட்டேன்.

"அது வேணாம் மகள். வேற மாதிரி எழுதுங்க" என்றார். அதற்குள் மணி அடித்துவிட்டது.

அந்தக் கோபம் ஆறாமல் இருந்த நாட்களில்தான், நாடகமும் அரங்கியலும் பாடத்துக்காக நூலகத்தில் ஆங்கில நாடக வரலாற்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நாடகத்தைக் கோடு கீறிக் கொடுப்பதையே உத்தியோகமாகச் செய்தவர்கள் பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருந்தார்கள் என்பதை அங்கே வாசித்தேன். ஷேக்ஸ்பியரின் காலத்து நாடகங்களை நாம் இன்று புத்தகமாகப் படிக்கிறோம். அன்று அவை மேடைக்குப் போகுமுன் ஓர் அதிகாரியின் மேசையைத் தாண்ட வேண்டியிருந்தது. அந்த மேசையில் நடந்தவற்றை வாசிக்க வாசிக்க என் கோபம் போகவில்லை. ஆனால் அதன் திசை மாறியது. அதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

அந்த அதிகாரிக்கு 'மாஸ்டர் ஒப் த ரெவல்ஸ்' என்று பெயர். நாம் களியாட்ட அதிகாரி என்று சொல்லிக்கொள்வோம். அரசவையில் நடக்கும் ஆடல் பாடல்களையும் நாடகங்களையும் ஒழுங்கு செய்வதே முதலில் அவருடைய வேலை. 1581இல் முதலாம் எலிசபெத் அரசி, அப்போது அப்பதவியில் இருந்த எட்மண்ட் டில்னிக்கு எல்லா நாடகங்களையும் பார்வையிடவும் திருத்தவும் தடுக்கவும் அதிகாரம் கொடுத்தார். டில்னிக்குப் பின் 1610இல் சேர் ஜோர்ஜ் பக் வந்தார். 1623 முதல் சேர் ஹென்றி ஹேர்பேர்ட் அந்தக் கதிரையில் இருந்தார். இவர் கவிஞர் ஜோர்ஜ் ஹேர்பேர்ட்டின் சகோதரர். அப்பதவியை வைத்திருந்தவருக்கு வருடத்துக்கு 150 பவுண் கொடுப்பதாக ஒப்புக்கொண்டே அதன் அதிகாரத்தை அவர் பெற்றுக்கொண்டார். காசு கொடுத்து வாங்கிய உத்தியோகம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறை இதுதான். நாடகக் குழு புதிய நாடகத்தின் கையெழுத்துப் பிரதியை அவரிடம் அனுப்பும். அவர் வாசித்து, பிடிக்காத இடங்களைக் கோடு கீறுவார். இறுதியில் அனுமதி எழுதிக் கையொப்பமிடுவார். ஹேர்பேர்ட் ஒரு புதிய நாடகத்துக்கு முதலில் ஒரு பவுணும் பின்னாளில் இரண்டு பவுணும் கட்டணமாக வாங்கினார். கையொப்பமிட்ட அந்தப் பிரதியை நாடகக் குழு பொக்கிஷம் போலக் காத்தது. ஏனெனில் அக்கையொப்பம் ஒரு கேடயமாகவும் இருந்தது. லண்டன் மாநகர நிர்வாகிகளுக்கு நாடகம் என்றாலே ஆகாது. நாடகக்காரரைச் சோம்பேறிகள், ஒழுக்கத்தைக் கெடுப்பவர்கள் என்று பேசி அரங்குகளை மூடச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அப்போதெல்லாம் "அரசவை அனுமதித்தது" என்று காட்டுவதற்கு அந்தப் பிரதி உதவியது. ஆகவே தணிக்கை என்றால் எப்போதும் எழுத்தாளனின் எதிரி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. இதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். அந்தத் தணிக்கையின் ஒரு பகுதி எனக்கு நியாயமாகவே படுகிறது. 1606இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. மேடையில் இறைவனின் பெயரை விளையாட்டாகவோ அவமதிப்பாகவோ சொன்னால், ஒவ்வொரு தடவைக்கும் பத்துப் பவுண் தண்டம். அக்காலத்து நாடகங்களில் பேச்சுக்குப் பேச்சு ஆணையிடுவது வழக்கமாக இருந்தது. 1622இல் அச்சான 'ஒதெல்லோ' பிரதியில் காணப்படும் பல ஆணைச் சொற்கள், மறுவருடம் வெளிவந்த ஷேக்ஸ்பியரின் பெருந்தொகுப்பில் இல்லை. இதை வாசித்தபோது எனக்கு எங்கள் வீடுதான் நினைவுக்கு வந்தது. ஒன்றுமில்லாத விடயத்துக்கெல்லாம் "வல்லாஹி" என்று சொல்லிவிட்டு உம்மாவிடம் ஏச்சு வாங்காத பிள்ளை எங்களில் யார்? நாவைக் காக்கச் சொல்வது அடக்குமுறை அல்ல. சபையில் பேசும் சொல்லுக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் எல்லையைக் காக்கிறேன் என்று புறப்பட்ட பேனை போகப் போக எதையெல்லாம் காத்தது? என் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

1634 ஜனவரியில் நடந்த ஒரு சம்பவத்தைப் பாருங்கள். வில்லியம் டேவனன்ட் என்பவர் 'த விட்ஸ்' என்றொரு நகைச்சுவை நாடகம் எழுதியிருந்தார். ஹேர்பேர்ட் அதில் பல சொற்களை ஆணைச் சொற்கள் என்று வெட்டினார். இறைவனின் பெயரை வெளிப்படையாகச் சொல்லாமல், அதன் வாலை மட்டும் வைத்துக்கொண்டு குறுக்கிச் சொல்லும் ஆணைகள் அவை. வெட்டப்பட்டதை விரும்பாத டேவனன்ட்டுக்கு அரசவையில் ஒரு நண்பர் இருந்தார். என்டிமியன் போர்ட்டர் எனும் அந்த நண்பர் நேரே முதலாம் சார்ல்ஸ் மன்னரிடம் முறையிட்டார். மன்னர் ஹேர்பேர்ட்டை மாளிகைக்கு அழைத்து, நாடகத்தைக் கையில் எடுத்து, சொல் சொல்லாகப் பார்த்தார். சில சொற்கள் ஆணைகளே அல்ல, வெறுமனே அழுத்திச் சொல்லும் சொற்கள்தாம் என்று தீர்ப்பளித்துத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். ஹேர்பேர்ட் பணிந்தார். ஆனால் தன் அலுவலகக் குறிப்பேட்டில், மன்னரின் தீர்ப்புக்குப் பணிகிறேன், ஆயினும் அவை ஆணைகள்தாம் என்பதே என் கருத்து என்று எழுதிவைத்தார்.

ஹேர்பேர்ட்டின் மீது எனக்கு மரியாதை வந்த இடம் இது. மன்னரே சொன்ன பிறகும் தன் மனச்சாட்சியைக் குறிப்பேட்டிலாவது காப்பாற்றினார். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. வெட்டியது சரியா பிழையா என்று மறுபடி பார்க்கும் வாய்ப்பு டேவனன்ட்டுக்கு எப்படிக் கிடைத்தது? அரசவையில் ஆள் இருந்ததால் கிடைத்தது. ஆள் இல்லாதவன் என்ன செய்வான்? அவனுக்கு எந்தக் கதவும் இல்லை.

கதவு இல்லாதவனுக்கு என்ன நடந்தது என்பதை அதே குறிப்பேட்டின் 1642 ஜூன் மாதப் பதிவொன்று சொல்கிறது. கேர்க் என்பவர் கொண்டுவந்த ஒரு புதிய நாடகத்துக்கு ஹேர்பேர்ட் இரண்டு பவுண் கட்டணத்தைப் பெற்றுக்கொண்டார். பின்னர் அதில் இருந்த ஆபாசத்துக்காகவும் அவமதிப்புக்காகவும் பிரதியை எரித்துவிட்டார். கட்டணமும் எரிப்பும் ஒரே வரியில் பதிவாகியுள்ளன. அந்த நாடகத்தில் எத்தனை காட்சிகள் மோசமானவை, எத்தனை நல்லவை? திருத்தி எழுத ஒரு தவணை கொடுக்கப்பட்டதா? அந்த வரியில் அதற்கெல்லாம் இடமில்லை. காசு பெட்டிக்குப் போனது. நாடகம் நெருப்புக்குப் போனது.

இப்போது அதிகாரத்தின் பக்கம் திரும்புவோம். 1624இல் தோமஸ் மிடில்டன் 'ஒரு சதுரங்க ஆட்டம்' என்ற நாடகத்தை எழுதினார். கதாபாத்திரங்கள் எல்லாம் சதுரங்கக் காய்கள். வெள்ளைப் பக்கம் இங்கிலாந்து, கறுப்புப் பக்கம் ஸ்பெயின். கறுப்புக் குதிரை வீரனாக வந்தவர் முன்னாள் ஸ்பானியத் தூதுவர் கொண்டமார் என்பது பார்த்த எல்லோருக்கும் விளங்கியது. முந்திய வருடம் இளவரசர் சார்ல்ஸ் பெண் கேட்டு ஸ்பெயினுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தார். மக்கள் ஸ்பெயின் மீது கோபத்தில் இருந்தார்கள். ஜூன் 12ஆந் திகதி ஹேர்பேர்ட் இந்நாடகத்துக்கு அனுமதி வழங்கினார். ஓகஸ்ட் 5ஆந் திகதி குளோப் அரங்கில் மேடையேறியது. ஞாயிறு தவிர்த்து ஒன்பது நாட்கள் தொடர்ந்து நடந்தது. கூட்டம் குறைந்த நாளில்கூட மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்ததாக அப்போதைய ஸ்பானியத் தூதுவரே எழுதினார். அவர்தான் மன்னர் முதலாம் ஜேம்ஸிடம் முறைப்பாடு செய்தவரும்.

அரங்கு மூடப்பட்டது. நடிகர்கள் கோமறைக் கழகத்தின் முன் நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் அமைதியாக ஹேர்பேர்ட்டின் கையொப்பமிட்ட பிரதியை எடுத்து வைத்தார்கள். இதில் உள்ளதற்கு மேல் ஒரு சொல்லும் நாங்கள் பேசவில்லை என்றார்கள். மிடில்டனைத் தேடியபோது அவர் கிடைக்கவில்லை. அவருடைய மகன் அழைத்து வரப்பட்டார். இவ்வளவு பெரிய விடயத்தைத் தன் அமைச்சர்கள் சொல்லாமல் அந்நிய நாட்டுத் தூதுவர் வாயிலாகக் கேட்க நேர்ந்ததே என்பதும் மன்னரின் கோபத்துக்கு ஒரு காரணமாக இருந்தது. சில நாட்களின் பின் நடிகர்கள் மறுபடி நடிக்க அனுமதிக்கப்பட்டார்கள். அந்த நாடகம் மட்டும் நிறுத்தப்பட்டது.

இங்கே ஓர் ஆபாசச் சொல்லைப் பற்றிப் பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். பிரச்சினை முழுக்க அரசியல். உயிரோடிருக்கும் கிறிஸ்தவ மன்னர்களை மேடையில் காட்டக்கூடாது என்ற கட்டளை மீறப்பட்டது என்பதே குற்றச்சாட்டு. சட்டப்படி எல்லாம் செய்து, கட்டணம் கட்டி, கையொப்பம் வாங்கிய பிறகும் எழுதியவன் ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது. விதி எழுத்தில் ஒன்றாகவும் மேலிருப்பவர் முகம் சுளிக்கும்போது வேறொன்றாகவும் இருந்தால், அதை விதி என்று எப்படிச் சொல்வது?

அந்தப் பயம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு தாயின் கதை உண்டு. 1605இல் 'கிழக்கே போவோம்' என்ற பொருள்படும் பெயர்கொண்ட நாடகம் ஒன்று ஸ்கொட்லாந்துக்காரரைக் கேலி செய்தது. மன்னர் ஜேம்ஸ் ஸ்கொட்லாந்துக்காரர். எழுதியவர்களில் பென் ஜோன்சனும் ஜோர்ஜ் சப்மனும் சிறைக்குப் போனார்கள். காதும் மூக்கும் அறுக்கப்படும் என்று பேச்சு அடிபட்டதாம். விடுதலையாகி வந்த ஜோன்சன் நண்பர்களுக்கு விருந்து வைத்தபோது, அவருடைய வயதான தாய் ஒரு காகிதப் பொட்டலத்தைக் காட்டினார். அதில் நஞ்சு இருந்தது. தண்டனை நிறைவேறுமானால் மகனுக்குக் கொடுக்கவும், முதலில் தானே குடிக்கவும் வைத்திருந்ததாகச் சொன்னார். இதை ஜோன்சனே பின்னாளில் ஸ்கொட்லாந்தில் ஒரு நண்பரிடம் சொல்லியிருக்கிறார். அந்தத் தாய் நினைத்தது சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு கேலிப் பேச்சுக்காக ஒரு தாயை அந்த இடம் வரை தள்ளிய ஆட்சியைத்தான் நான் பிழை என்கிறேன்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் யோசிக்க வைத்தது 1638ஆம் ஆண்டுச் சம்பவம். பிலிப் மசிஞ்சர் எழுதிய 'மன்னரும் குடிமகனும்' என்ற நாடகத்தில் ஒரு ஸ்பானிய அரசன், விரும்பியபடி மக்களிடம் பணம் பிடுங்குவேன் என்று பேசுகிறான். அப்போது இங்கிலாந்தில் முதலாம் சார்ல்ஸ் 1629 முதல் பாராளுமன்றத்தைக் கூட்டாமலேயே ஆட்சி செய்துகொண்டிருந்தார். பாராளுமன்றத்தின் சம்மதமில்லாமல் கப்பல் வரி என்ற பெயரில் பணம் அறவிட்டுக்கொண்டிருந்தார். மன்னர் நாடகப் பிரதியை வாங்கி வாசித்தார். அந்த இடத்துக்கு வந்ததும், இது அளவுக்கு மிஞ்சிய துணிச்சல், மாற்ற வேண்டும் என்று தம் கையாலேயே குறித்தார்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. அந்த நாடகம் இன்று நம்மிடம் இல்லை, தொலைந்துவிட்டது. வெட்டப்பட்ட வரிகள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. காரணம், மன்னரின் கையெழுத்தைப் பெருமைப்படுத்துவதற்காகவும் தன் மகன் நினைவில் வைத்திருப்பதற்காகவும் ஹேர்பேர்ட் அவ்வரிகளைத் தன் குறிப்பேட்டில் படி எடுத்து வைத்தார். பின்னாளில் அந்தக் குறிப்பேடும் காணாமற் போய்விட்டது. அதைப் பார்த்து அறிஞர்கள் எடுத்த குறிப்புகள் மூலமே நமக்கு இவையெல்லாம் தெரியவருகின்றன. விட்டுவைத்தது தொலைந்தது, வெட்டியது வாழ்கிறது.

முன்பு டேவனன்ட்டின் நாடகத்தில் ஆணைச் சொற்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னவரும் இதே மன்னர்தான். இறைவனின் பெயரைத் தொட்டு நிற்கும் சொற்களில் அவர் தாராளமாக இருந்தார். தம் வரியைத் தொட்ட சொற்களில் கண்டிப்பாக இருந்தார். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விடயம் தெளிவாகியது. எந்தத் தணிக்கையும் ஒழுக்கம் என்ற வாசலால்தான் உள்ளே வருகிறது. வந்த பிறகு அது யாரைக் காக்கிறது என்று பார்க்க வேண்டும். கேட்பவரின் மனதைக் காக்கிறதா, அல்லது கதிரையில் இருப்பவரின் முகத்தைக் காக்கிறதா?

அப்படியென்றால் கோடு கீறுவதே கூடாது என்கிறேனா? இல்லை. நல்ல உதாரணமும் அதே வரலாற்றில் உண்டு.

1619இல் ஒல்லாந்து அரசியல்வாதி பார்னவெல்ட் பற்றி ஜோன் பிளெச்சரும் மசிஞ்சரும் ஒரு நாடகம் எழுதினார்கள். அவ்வருடம் மே மாதத்தில்தான் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டிருந்தது. அவ்வளவு சூடான செய்தி! அந்தக் கையெழுத்துப் பிரதி இன்றும் பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. அதில் சேர் ஜோர்ஜ் பக்கின் பேனை பட்ட இடங்களைக் காணலாம். ஓரிடத்தில், இளவரசரைக் காவலாளிகள் சபை வாசலில் தடுத்து நிறுத்துகிறார்கள். அதைப் பக் வெறுமனே வெட்டிவிட்டுப் போகவில்லை. இது எனக்குப் பிடிக்கவில்லை என்றும், இளவரசர் இவ்வளவு இழிவாக நடத்தப்பட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை என்றும் ஓரத்தில் எழுதி, தன் பெயரின் முதலெழுத்துகளையும் இட்டிருக்கிறார். அவருடைய காரணம் சரியோ பிழையோ, அது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. அதற்கு யார் பொறுப்பு என்பதும் தெரிகிறது. எழுதியவர்கள் அதைப் பார்த்து, எதை மாற்றினால் நாடகம் பிழைக்கும் என்று யோசிக்க முடிந்தது. லண்டன் மேற்றிராணியார் குறுக்கே நின்றபோதும், அந்நாடகம் அதே ஓகஸ்ட் மாதத்தில் மேடையேறியது.

இரண்டாவது உதாரணம் எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு இன்னும் நெருக்கமானது. ஷேக்ஸ்பியரின் 'அடங்காப் பெண்ணை அடக்குதல்' நாடகத்தில் பெட்ரூச்சியோ தன் மனைவியை அடக்கி வெல்கிறான். அதற்குப் பதிலாகப் பிளெச்சர் ஒரு நாடகம் எழுதினார். அதில் பெட்ரூச்சியோ மறுமணம் செய்கிறான். புதிய மனைவி மரியா, மற்றப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு மாடியில் கதவைப் பூட்டிவிட்டு, நிபந்தனை வைக்கிறாள். அடக்க வந்தவன் அடங்குகிறான். இந்தப் பழைய நாடகத்தை 1633 ஒக்டோபர் 18ஆந் திகதி மேடையேற்ற ஆயத்தமானபோது, முறைப்பாடுகள் வந்திருப்பதாகக் கூறி ஹேர்பேர்ட் அன்றைய காட்சியைத் தடுத்தார். பெண்கள் எதிர்த்து நின்றதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆணைகள், இறைநிந்தனை, ஆபாசம் ஆகியவையே அவர் குறித்த காரணங்கள். மூன்று நாளில் அவற்றை நீக்கிப் பிரதியைத் திருப்பிக் கொடுத்தார். நவம்பர் 26ஆந் திகதி மன்னரும் அரசியாரும் ஷேக்ஸ்பியரின் நாடகத்தைப் பார்த்தார்கள், பிடித்திருந்தது. 28ஆந் திகதி பிளெச்சரின் பதில் நாடகத்தைப் பார்த்தார்கள், மிகவும் பிடித்திருந்தது. ஹேர்பேர்ட்டின் குறிப்பு அப்படித்தான் சொல்கிறது.

மேடையில் அந்தப் பெண்களாக நடித்தவர்கள் எல்லோரும் ஆண் பிள்ளைகள். 1660 வரை இங்கிலாந்தின் பொது அரங்குகளில் பெண்கள் நடிப்பது வழக்கமாக இருக்கவில்லை. ஆனாலும் கணவன் பக்கத்துக் கதைக்கு மனைவி பக்கத்திலிருந்து ஒரு பதில் அரசவையில் ஒலித்தது. அசிங்கமான சொல் போனது, கேள்வி மிஞ்சியது. நல்ல கோடு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். கெட்ட சொல்லை எடுக்கலாம், பதில் சொல்லும் வாயை மூடக்கூடாது.

தணிக்கையில் நம்பிக்கை வைத்தவர்களுக்கு 1642 ஒரு பாடம். அவ்வருடம் செப்டெம்பர் 2ஆந் திகதி, உள்நாட்டு யுத்தம் மூண்ட நிலையில், பாராளுமன்றம் எல்லா அரங்குகளையும் மூடியது. பதினெட்டு வருடங்கள் லண்டனில் சட்டப்படி திறந்த அரங்கு இல்லை. ஹேர்பேர்ட்டின் இத்தனை வருடக் கோடுகளும் கையொப்பங்களும் நாடகத்தைக் காப்பாற்றவில்லை. மன்னரின் வரி பற்றிய கேள்வியை மேடையில் வெட்டினார்கள். அது யுத்தகளத்தில் வந்து நின்றது. பின்னர் 1737இல் நாடக அனுமதிச் சட்டம் வந்தது. அரசவையின் லோர்ட் சேம்பர்லேன் எந்த நாடகத்தையும் தடுக்கலாம். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அந்த ஏற்பாடு 1968 வரை, 231 வருடங்கள் நீடித்தது. பக் ஓரத்தில் எழுதிய இரண்டு வரிக் காரணத்தோடு ஒப்பிட்டால், இது முன்னேற்றமா பின்னடைவா என்று நீங்களே சொல்லுங்கள்.

இவ்வளவையும் வாசித்த பிறகு, நான் மறுபடி எங்கள் ஆசிரியையிடம் போனேன். இந்தத் தடவை "ஏன் வெட்டினீங்க" என்று கேட்கவில்லை. "மூன்று கோட்டுக்கும் காரணத்தைச் சொல்லுங்க டீச்சர், நாங்களும் எங்கட பக்கத்தைச் சொல்றோம்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

முதலாவது கோடு, எங்கள் ஊர்க் கடைக்காரர் ஒருவர் பேசுவது போலப் பேசிக் காட்டும் இடம். "அந்த மனிசன்ட பிள்ளை நம்மட கல்லூரியிலதான் எட்டாம் வகுப்பு படிக்குது மகள். அது முன் வரிசையில இருந்து பார்த்தா?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் அதை யோசித்தே இருக்கவில்லை. இரண்டாவது கோடு, சிரிப்புக்காக நாங்கள் போட்டிருந்த ஓர் ஆணைச் சொல். அதற்கும் வாதாட எங்களிடம் ஒன்றுமில்லை.

மூன்றாவதற்கு வந்தோம். "சபையில வாப்பாமார் நிறையப் பேர் இருப்பாங்க. குற்றஞ் சாட்டுற மாதிரி இருக்குது" என்றார்.

"அவங்க இருக்கிறதாலதான் டீச்சர் அது அங்க சொல்லப்படணும்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் எழுத்துருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப அந்த வாப்பாவுக்கும் வாய் இருக்கணும். உங்கட நாடகத்தில அவர் பேசவே இல்லையே" என்றார். அது உண்மை. நாங்கள் எழுதிய தகப்பன் வந்தார், முடிவைச் சொன்னார், போனார். எம்மைக் கேட்காமல் முடிவெடுத்தார்கள் என்று முறையிட்ட நாங்களே அவரைக் கேட்காமல் எழுதியிருந்தோம். அன்றிரவு அந்தக் காட்சியைத் திருத்தினோம். மகள் கேட்கிறாள். தகப்பன் நெடுநேரம் பேசாமல் நிற்கிறார். பின், "கேட்டா நீ படிக்கணும் எண்டு சொல்லுவாய். என்ட கையில காசு இல்ல. அதுக்குப் பயந்துதான் கேக்கல்ல" என்கிறார். நாடகத்திலேயே சபை ஒரு சத்தமும் இல்லாமல் இருந்த இடம் அதுதான். போட்டியில் எமக்கு இரண்டாமிடமே கிடைத்தது. அதில் எனக்குக் கவலையில்லை.

ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் நான் கேட்பது பெரிய விடயம் அல்ல. எங்கள் எழுத்தில் கோடு கீறுங்கள். எங்கள் பேச்சிலும் பயணத்திலும் ஆசையிலும் கோடு கீற வேண்டிய இடங்களில் கீறுங்கள். உங்கள் அனுபவம் எங்களுக்கு இல்லை. ஆனால் கோட்டுக்குப் பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள். நாங்கள் பதில் சொன்னால் கேளுங்கள். அந்தக் கோடு பிள்ளையைக் காக்கிறதா, அல்லது ஊரார் வாயைக் காக்கிறதா என்று பேனையை எடுக்குமுன் ஒரு தடவை உங்களையே கேளுங்கள். காரணம் தெரிந்த கோட்டுக்குப் பணிவது எங்களுக்குக் கஷ்டம் இல்லை. காரணம் தெரியாத கோட்டுக்கு முன்னால் நாங்கள் எழுதுவதை நிறுத்திவிடுவோம், அல்லது ஒளித்து எழுதப் பழகிவிடுவோம். இரண்டும் உங்களுக்கு நல்லதல்ல.

அந்த எழுத்துருவை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். மூன்றாவது சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் இப்போது நீலப் பேனையால் ஒரு வரி இருக்கிறது: 'இருக்கட்டும். தகப்பனுக்கும் ஒரு பதில் எழுதுங்கள்.' அதன் கீழே ஆசிரியையின் பெயரின் முதலெழுத்து.